சொன்னதை மட்டும் எழுதினேன்

"செமிகோலன் எதுக்குன்னு தெரியுங்களா, மேடம்?"

கேட்டவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மடக்கிய வெள்ளைக் கோல் மடியில் கிடந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் ஓர் இங்கிலீஷ் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் "செமிகோலன்" என்றார். நான் டக்கென்று தட்டினேன். அந்த வேகத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

"தெரியும் சார். வலது கை சுண்டு விரலுக்கு எக்சர்சைஸ்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த செமிகோலன் அதுதான்.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இது புரியும். முதல் நாள், முதல் பாடம்: இடது கைக்கு ஏ எஸ் டி எஃப், வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே. வடலூரில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மாதம் முழுக்க அதையே அடித்தேன். தூக்கத்தில்கூட சுண்டு விரல் துடிக்கும் என்று என் அம்மா சொல்வார். கமாவுக்குப் பிறகு ஓர் இடம் விட வேண்டும். ஃபுல் ஸ்டாப்புக்குப் பிறகு இரண்டு இடம். இங்கிலீஷ் குறிகளைப் பற்றி முப்பத்து மூன்று வயது வரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

போன வாரம் எங்கள் கடை லேமினேஷன் மெஷின் புகைந்து, ஒரு பெண்ணின் மார்க் ஷீட் அதற்குள் மாட்டிக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "அந்தக் கடையில் நல்லது எதுவுமே நடக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நடந்தது, அம்மா. என் வாழ்க்கையில் நடந்த நல்லவற்றில் பெரிய ஒன்று அங்கேதான் நடந்தது. ஆனால் அது ஒரு தப்பில் ஆரம்பித்தது. தப்பு என்னுடையது.

கரண்ட் இருந்த கடை

புயல் வந்து எங்கள் பக்கத்து முந்திரி மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டதே, அதற்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ. வெளியூர்களில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். நெய்வேலி டவுன்ஷிப்பில் மட்டும் கரண்ட் போவது அரிது. அதனால் வடலூரிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் ஜெராக்ஸ் எடுக்கவும் விண்ணப்பம் அடிக்கவும் எங்கள் பஜாருக்கு பஸ் ஏறி வருவார்கள்.

கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. டவுன்ஷிப்பே அப்படித்தான். ஒரே தெருவில் நாலு மாவட்டத்துத் தமிழ் கேட்கும். என் வீட்டுக்காரர் அருள்தாஸுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, கன்வேயர் பெல்ட் பக்கம். ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையை உதறி, வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கறுப்புக் கண்ணாடிக்காரரின் பெயர் தனசேகர். நெல்லிக்குப்பத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். டவுன்ஷிப்பில் ஒரு வங்கிக் கிளையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

அவர் அன்றைக்கு அடிக்கச் சொன்னது மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆபரேட்டர் வேலையிலிருந்து கிளார்க் வேலைக்குப் போக ஒரு தேர்வு இருக்கிறது. தன்னால் கையால் எழுத முடியாது என்பதால், தான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

கடைக்கு வரும்போதெல்லாம் அடித்து முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வார். அன்றைக்கு வாசல் வரை கூட்டம். அண்ணாச்சி, "ஏ பிள்ள, சீக்கிரம் முடி, ஆட்கள் நிக்காவ பாரு" என்று குரல் கொடுத்தார். "படிச்சுக் காட்டவா சார்?" என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே 'வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்பது இருந்திருக்க வேண்டும். "பரவால்லீங்க, குடுங்க" என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். போட்டுவிட்டுப் போனார்.

சிவப்புக் கோடு விழாத தப்பு

இரண்டு வாரம் கழித்து மதியம் வந்தார். கடையில் கூட்டமில்லை. கையில் ஒரு கவர்.

"இத கொஞ்சம் படிங்க, மேடம்."

இங்கிலீஷ் கடிதம். படித்தேன். ஒன்றும் புரியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பொருள் வராது.

"நான் சொல்றேன்" என்றார். "நீங்க அடிச்ச லெட்டர்ல, என்னால இப்போ கையால எழுத முடியும்னு இருக்குதாம். முடியும்னா எதுக்கு ஆளுன்னு விளக்கம் கேட்டிருக்காங்க. பிராஞ்சுல ஒருத்தர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் சிரிச்சிட்டாரு. 'ஏம்பா, உனக்குக் கண்ணு வந்துடுச்சா'ன்னு கேட்டாரு. எல்லாரும் இருந்தாங்க."

பழைய கடிதத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தேன். 'நாட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நவ்' என்று இருந்தது. கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. கம்ப்யூட்டர் தப்பான வார்த்தைக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். இது தப்பான வார்த்தை இல்லை. தப்பான இடத்தில் வந்த சரியான வார்த்தை. முடியாது என்பது முடியும் என்று ஆகிவிட்டது. பொருள் தெரிந்து அடிப்பவளாக இருந்தால் என் கண் அங்கே தடுக்கியிருக்கும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல்தான் அழுதேன். அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"கோவமாத்தாங்க வந்தேன்" என்றார். "திட்டணும்னுதான் வந்தேன். இப்போ திட்ட வரல. புதுசா ஒன்னு அடிங்க. இந்தத் தடவ படிச்சுக் காட்டுங்க."

அடித்தேன். இரண்டு முறை படித்துக் காட்டினேன். அனுமதி வந்தது.

அதன் பிறகுதான் அடுத்த இடி. அவருக்கு எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நேரடியாகக் கேட்டார்.

"நீங்க எழுதறீங்களா, மேடம்?"

நான் பதறிவிட்டேன். "சார், நடந்தது தெரிஞ்சும் என்னைக் கேக்கறீங்களே! எனக்கு இங்கிலீஷே தெரியாது."

"ரெண்டு தடவ எழுதிட்டேன். ரெண்டு தடவையும் இங்கிலீஷ் பேப்பர்லதான் போச்சு. ரெண்டு தடவையும் நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவங்கதான் எனக்கு எழுதினாங்க. நான் ஒன்னு சொல்ல, அவங்க அதைவிட நல்லா இருக்கட்டும்னு வேற ஒன்னு எழுதிட்டாங்க. எனக்கு நான் சொல்றத எழுதற ஆள்தான் வேணும். இதுதான் கடைசி வாய்ப்பு. இதுக்கப்புறம் எழுத விட மாட்டாங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இப்போ எல்லார் கையிலயும் செல்போன் வந்துடுச்சு. என் போர்டுக்கு ஒரு நாளைக்கு நாலு கால் வருது. காலைல பத்து மணிக்கு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் சும்மாவே உக்காந்திருக்கேன். சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

அவருக்கு நான் பட்டிருந்த கடன் அந்த ஒற்றை எழுத்து. சரி என்றேன்.

அண்ணாச்சியின் சாப்பாட்டு நேரம்

தேர்வு வரை, வங்கியின் மதிய உணவு இடைவேளையில் அவர் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவதாக ஏற்பாடு. அவர் சாப்பிட்டுவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு கடைக்கு வருவார். அண்ணாச்சி தன் மேசையில் டிபன் கேரியரைப் பிரித்திருப்பார். நான் ஒரு நோட்டை விரித்து வைத்திருப்பேன். புளிக்குழம்பு வாசனையோடுதான் நான் இங்கிலீஷ் இலக்கணம் படித்தேன்.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே என்று கேட்பீர்கள். படித்தேன். தமிழ் மீடியம். இங்கிலீஷ் கட்டுரைகளை முழுசாக மனப்பாடம் செய்து பரீட்சையில் இறக்கி வைத்துவிடுவேன். நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் அவ்வளவுதான், அங்கேயே பஸ் நின்றுவிடும். மறுபடி முதல் வரியிலிருந்து கிளம்ப வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு கட்டுரையின் முதல் பாதியை நான் இரண்டு முறை எழுதி வைத்துவிட்டு வந்தேன். திருத்தியவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது, பாஸ்.

தனசேகர் சார் அப்படி ஆரம்பிக்கவில்லை. "நேத்து வூட்லருந்து கடைக்கு எப்படி வந்தீங்க? தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

"பஸ் ஸ்டாப்புல நின்னேன். ஒரு பஸ் வந்துச்சு. அந்த பஸ்ல கூட்டமா இருந்துச்சு."

"முதல்ல 'ஒரு' பஸ்னீங்க. அப்புறம் 'அந்த' பஸ்னீங்க. ஏன்?"

"முதல்ல சொல்றப்போ உங்களுக்கு எந்த பஸ்ஸுன்னு தெரியாதே. சொன்னதுக்கப்புறம் தெரியுமே."

"அவ்ளோதாங்க. அதுதான் 'எ', அதுதான் 'தி'. எல்லாத்துக்கும் சரிப்பட்டு வராது. ஆனா பாதி கெணறு தாண்டிட்டீங்க."

அண்ணாச்சி சோற்றைப் பிசைந்தபடி, "அடப்பாவிகளா! இதையா எனக்கு எட்டாப்புல பிரம்பால சொல்லிக் குடுத்தாவ?" என்றார்.

'டிட்' போட்ட பிறகு 'வென்ட்' வராது, 'கோ'தான் வரும் என்பதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "முடிஞ்சு போனதை ஒரு தடவ சொன்னா போதுங்க. ரெண்டு தடவ சொன்னா புலம்பல்." என் வீட்டில் அன்று சாயங்காலமே அதைப் பயன்படுத்தினேன், வேறு விஷயத்துக்கு.

'ஹி', 'ஷி' வந்தால் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஓர் எஸ். அது மட்டும் எனக்கு விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. நம் மொழியில் நான் போகிறேன், நீ போகிறாய், அவர் போகிறார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வால் இருக்கிறது. அங்கே ஒருவருக்கு மட்டும்தான் வால் என்றால் கை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்? நோட்டில் ஐம்பது வாக்கியம் எழுதினேன். எல்லாவற்றிலும் அருள்தாஸ்தான் ஹீரோ. அருள்தாஸ் வருகிறார், அருள்தாஸ் சாப்பிடுகிறார், அருள்தாஸ் தூங்குகிறார். வீட்டில் அவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, என் பேரா எழுதி வச்சிகினு இருக்க? எதுனா கோர்ட்டு கேஸா?" என்று கேட்டார்.

முந்திரிப் பருப்பு

ஒரு நாள் நான் அவரிடம் கேட்டேன், "சார், உங்களுக்குக் கமா எப்படித் தெரியும்?"

"பிரெயில்ல ஒரே ஒரு புள்ளிங்க. விரல்ல லேசா குத்தும். நீங்க பாக்கற கமா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

பேப்பரில் வரைந்து காட்டிப் பயனில்லை. அப்போதுதான் எங்கள் சித்தி பண்ருட்டியிலிருந்து கொடுத்து அனுப்பியிருந்த முந்திரிப் பருப்பு பையில் இருப்பது ஞாபகம் வந்தது. ஒரு முழுப் பருப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுதான் சார் கமா. வளைஞ்ச பக்கம் வலது பக்கம் பாத்து இருக்கும். வரிக்குக் கீழ தொங்கும்."

விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "அப்போ அப்பாஸ்ட்ரபி?"

"இதே முந்திரிதான். மேல தொங்கும்."

"செமிகோலன்?"

"இதுக்கு மேல ஒரு பொட்டுக்கடலை."

அவர் அந்தக் கமாவை வாயில் போட்டு மென்றார். அண்ணாச்சி, "எனக்கு ரெண்டு செமிகோலன் குடு பிள்ள" என்று கை நீட்டினார்.

கமா மூச்சு விடும் இடம், செமிகோலன் அதைவிட நீளமான மூச்சு, ஃபுல் ஸ்டாப்பில் ஆள் உட்கார்ந்தே விடலாம் என்று அவர் கற்றுக் கொடுத்தார். இங்கிலீஷ் செய்தித்தாளைப் படிக்கச் சொல்லுவார். நான் கமாவை மறந்து ஓடினால், "மேடம், பிரேக்" என்பார். அச்சில் கமா இருப்பது அவருக்கு எப்படித் தெரிகிறது என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். வாக்கியம் எங்கே மடங்குகிறது என்பது காதுக்கே கேட்கும் என்றார். ஒன்றரை மாதத்தில் எனக்கும் கேட்க ஆரம்பித்தது.

அப்பாஸ்ட்ரபிதான் கஷ்டம். அதற்குச் சத்தமே கிடையாது. 'வொர்க்கர்ஸ்' என்று சொன்னால், பல தொழிலாளிகளா, ஒரு தொழிலாளியுடையதா, பல தொழிலாளிகளுடையதா என்று காது கண்டுபிடிக்காது. மூன்றும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். "ஒரு குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னு, இது ஒருத்தரோட வூடா, பல பேரோட வூடான்னு கேளுங்க. ஒருத்தர்னா எஸ்ஸுக்கு முன்னாடி தொங்க விடுங்க. பல பேர்னா எஸ்ஸுக்குப் பின்னாடி" என்றார். அதை மட்டும் நான் பத்து முறை கேட்டேன். பத்து முறையும் சலிக்காமல் சொன்னார்.

கேட் பாஸின் பின்பக்கம்

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும்.

முதலில் அவருக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. "கடைல ஒக்காந்து டைப் அடிச்சமா, வந்தமான்னு இல்லாம" என்று முணுமுணுப்பார். தடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, நான் படிப்பதற்கு எதுவும் இல்லாமல் வீட்டில் இங்கிலீஷ் தேடிக்கொண்டிருந்தேன். சோப்பு உறை, மாத்திரை அட்டை எல்லாம் முடிந்துவிட்டன. ஆணியில், மைன்ஸுக்குள் போக அவர் காட்டும் கேட் பாஸ் தொங்கியது. பின்பக்கம் எட்டு வரி, பொடி எழுத்து. எழுத்துக் கூட்டாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் என்ன என்று சொன்னேன். அட்டை தொலைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், உடம்புக்கு ஏதாவது ஆனால் முதலில் எங்கே போக வேண்டும்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள்தாஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அஞ்சு வருசமா சட்டப் பையில வச்சிகினு சுத்துறேன்" என்றார். "இதுல இதெல்லாம் இருக்குதா?"

அதற்குப் பிறகு முணுமுணுப்பு இல்லை. மதியம் சமைத்த பாத்திரங்களை அவரே கழுவிவிட்டு, "நீ போய் எழுது" என்று சொன்ன நாட்கள் உண்டு. நன்றி என்ற வார்த்தையை நாங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

நிறுத்தாமல் படியுங்கள்

தேர்வு கடலூரில், ஒரு கல்லூரியில். அருள்தாஸ் அன்றைக்கு ஷிப்ட்டுக்குப் போகாமல் எங்களோடு வந்தார். பஸ்ஸில் தனசேகர் சாரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் முன் சீட்டில் ஜெபமாலையோடு இருந்தேன். கல்லூரி வாசலில் அருள்தாஸ் ஒரு வேப்ப மரத்தடியைக் காட்டி, "நான் இங்கதான் இருப்பேன். எத்தினி மணி ஆனாலும் இருப்பேன்" என்றார்.

எங்களுக்குத் தனி அறை. கண்காணிப்புக்கு ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், கஞ்சி போட்ட காட்டன் புடவை. மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "அவர் சொல்றத மட்டும் எழுதணும். நீங்களா ஒரு எழுத்து சேர்க்கக் கூடாது. எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டலாம். புரியுதா?" என்றார்.

கடிதம் எழுதும் கேள்வி நன்றாகப் போனது. சுருக்கி எழுதும் கேள்வியும் போனது. மூன்றாவது கேள்வி: நிறுத்தற்குறி எதுவுமே இல்லாமல் ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள், குறிகளைப் போட வேண்டும். ஓர் ஆலை ஊரில் தொழிலாளிகளின் வீடுகளைப் பற்றிய பத்தி.

நான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டவில்லை, அந்த அம்மா கையைத் தூக்கினார்.

"ம்மா, நிறுத்துங்க. நீங்க படிக்கறதுலயே ஆன்சர் வந்துடுதே. எங்க கமா வரும், எங்க ஃபுல் ஸ்டாப் வரும்னு உங்க குரலே சொல்லிடுது. நிறுத்தாம, ஒரே மாதிரி படிங்க."

அவர் சொன்னது நியாயம்தான். மறுபடி ஆரம்பித்தேன். முடியவில்லை. மூன்று மாதமாக நிறுத்திப் படிக்கப் பழகிய நாக்கு, வாக்கியம் மடங்கும் இடத்தில் தானாக நின்றது. மறுபடி கையைத் தூக்கினார். எந்த மாதிரி படிப்பதை விட்டொழிக்க இவ்வளவு பாடுபட்டேனோ, இப்போது அதே மாதிரி படிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டு, கல் அடுக்குவதுபோல் ஒவ்வொன்றாக வைத்தேன். தனசேகர் சார் தலையைச் சாய்த்துக் கேட்டார். மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். இங்கே கமா. இங்கே ஃபுல் ஸ்டாப், அடுத்தது கேபிடல். இங்கே செமிகோலன்.

'தி வொர்க்கர்ஸ் ஹவுஸஸ்' என்ற இடம் வந்தது. பல தொழிலாளிகளின் வீடுகள். எஸ்ஸுக்குப் பின்னால் தொங்க வேண்டும்.

அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் தாண்டிப் போனார்.

என் பேனா நின்றது. எத்தனையோ நாள், பத்து முறை, எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். அந்த அம்மா அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் கீற்று. பேனாவை வைத்து எடுத்தால் முடிந்தது. யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. முன்பு ஓர் எழுத்தைத் தெரியாமல் மாற்றி, நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்க வைத்தவள் நான். இப்போது தெரிந்தே ஒன்றைப் போட்டால் அது சரியாகிவிடுமா? இது அவருடைய பேப்பர், அதில் அவர் சொல்லாதது இருக்கக் கூடாது என்று ஒரு மனசு. அவருடைய கடைசி வாய்ப்பு என்று இன்னொரு மனசு.

"மேடம், எழுதிட்டீங்களா?" என்றார்.

"எழுதிட்டேன் சார்" என்றேன். போடவில்லை.

முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு குறியின் பெயரையும் சொல்லிச் சொல்லிப் படித்தேன். அந்த இடத்தில் குறி இல்லை, அதனால் பெயரும் சொல்லவில்லை. அவர் கவனிக்கட்டும், கவனிக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே படித்தேன். "சரிங்க, அடுத்த கேள்வி" என்றார்.

குள்ளஞ்சாவடி வரைக்கும்

திரும்பும் பஸ்ஸில் அவரே கேட்டார். "நான் எதாவது விட்டுட்டேனா? உண்மையைச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் நெற்றியைக் கையால் ஒரு முறை அழுத்திக்கொண்டார்.

"நீங்க போடல இல்ல?"

"போடல சார்."

"சரி" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அருள்தாஸ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெளியே கரும்பு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் அவர் கடைப் பக்கம் வரவில்லை. அண்ணாச்சி சாப்பிடும்போது எதிரே ஸ்டூல் காலியாகக் கிடக்கும். "அவரு ஏன் பிள்ள வரல?" என்று கேட்பார். "தெரியல அண்ணாச்சி" என்பேன். அவர் தோற்றுவிட்டால் அதற்குக் காரணம் அந்த ஒற்றைக் கீற்றுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கோயிலில் முழங்கால் போட்டால் அதுதான் ஞாபகம் வரும். சொன்னதை மட்டும் எழுதியது சரி என்று புத்திக்குத் தெரிந்தாலும், சரியானதைச் செய்துவிட்டு இப்படியும் உறுத்துமா என்று இருந்தது.

ஒரு நாள் மதியம் கோல் தட்டும் சத்தம் கேட்டது. அவரோடு அவர் மனைவியும் வந்திருந்தார், கையில் பால்கோவா டப்பா. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பாஸுங்க" என்றார். "இங்கிலீஷ்ல இந்தத் தடவ நல்லாவே வந்திருக்கு. விருத்தாசலம் பிராஞ்சுல போட்டிருக்காங்க. கிளார்க்கு."

அண்ணாச்சி எச்சில் கையோடு எழுந்து வந்து அவர் தோளில் இடது கையால் தட்டினார். நான் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு அழுதேன், இந்த முறை சத்தமாகவே.

டீ வந்தது. எல்லோரும் கொஞ்சம் அடங்கிய பிறகு, அவர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒன்னு சொல்லணும். அன்னிக்கு பஸ்ல எனக்கு உங்க மேல பயங்கரக் கோவம். போட்டிருந்தா என்னன்னு தோணுச்சு. ஒரு கீத்துதானே, யாரு பாக்கப் போறாங்கன்னு. குள்ளஞ்சாவடி வரைக்கும் அந்தக் கோவம் ஏறிகிட்டே இருந்துச்சு. குறிஞ்சிப்பாடி தாண்டினப்புறம்தான் இறங்குச்சு. நீங்க அதைப் போட்டிருந்தா, இன்னிக்கு இந்த பாஸு என்னோடதா, உங்களோடதான்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும். அத உடனே வந்து சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, வரல."

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றேன். "போட்டிருக்கலாமேன்னு எனக்கு இன்னிக்குக் காலைல வரைக்கும் இருந்துச்சு."

அவர் மனைவி சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தோம்.

அவர் எனக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார் என்று சுலபமாக எழுதிவிடலாம். கொடுத்தார்தான். அதன் பிறகு கடையில் எந்தக் கடிதத்தையும் நான் பொருள் தெரியாமல் அடித்ததில்லை. படிக்கத் தெரியாமல் விண்ணப்பத்தை நீட்டியவர்களுக்கு, "இதில் இப்படி இருக்கிறது, இதற்குத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள்" என்று சொல்ல முடிந்தது. ஆனால் என் தப்பால் அடிபட்ட ஒருவர், என்னை விட்டு விலகிப் போகாமல், என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாரே, அதற்குத்தான் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது வாசல் படியில் நின்றார்.

"எங்க பேங்க்லயே சிதம்பரத்துல ஒருத்தர் இருக்காரு. அவருக்கும் பார்வை கிடையாது. அடுத்த வருஷம் எழுதறாரு. கொஞ்சம் வேகமா சொல்லுவாரு, முன்கோபம் வேற. எழுதுவீங்களா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஸ்டூலை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லுங்க சார்" என்றேன்.